தொட்டுப் பார்க்கிற பக்கம்

மார்த்தாண்டம் ஜங்ஷனில் ஃபிளக்ஸ் அடிக்கிற கடையில் இருந்த காலத்தில் சுபிதாவுக்கு ஒரே விதிதான். பஸ்ஸில் போகிறவன் தலையைத் திருப்புவதற்குள் விஷயம் அவன் கண்ணில் விழுந்துவிட வேண்டும். கல்யாணமோ, கோயில் கொடையோ, சபை கன்வென்ஷனோ, எழுத்து தடியாக இருக்க வேண்டும், நிறம் கண்ணைக் குத்த வேண்டும். காலியாக இடம் விட்டால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். "இம்புட்டு எடம் சும்மா கெடக்கே, எங்க மாமனுக்க படத்தப் போட்டா என்ன?" என்பார்கள். அவளும் மாமனைப் போட்டு, மாமனைச் சுற்றி ரோஜாப்பூவும் போட்டுக் கொடுப்பாள்.

2014-ல் கோலப்பன் அவளைத் தேடி வந்தார். குவைத்தில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மயிலாடியில் கல் கொத்துகிறவர்களிடம் அம்மி, குட்டி உரல், கல்விளக்கு எல்லாம் வாங்கி இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்தார். பொருள் இருந்தது, கூரியர்காரர் இருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கம் அமைக்கத்தான் ஆள் இல்லை.

"எனக்கு வெப்சைட்டு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. நான் ஃபிளக்ஸ் அடிக்கியவ."

"ரெண்டும் ஆளுகளைக் கூப்பிடிய வேலதான பிள்ளே. வா, படிச்சுக்கிடலாம்."

மயிலாடியில் அவர் வீட்டு மாடிதான் அலுவலகம். சுபிதா தன் கைவரிசை முழுவதையும் முதல் பக்கத்தில் இறக்கினாள். குட்டி உரலுக்கான பக்கம் அது. மேலே சிவப்புப் பட்டையில் தள்ளுபடி, அதன் கீழே மஞ்சள் பட்டையில் இலவச டெலிவரி, ஓரத்தில் மினுங்குகிற நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் 'இன்றே முந்துங்கள்'. இத்தனைக்கும் இடம் வேண்டுமே என்று உரலின் படத்தைத் தபால்தலை அளவில் மூலையில் ஒதுக்கியிருந்தாள். கோலப்பன் பார்த்து, "பொளந்து கட்டிட்டே!" என்றார்.

ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வாரக்கணக்கில் ஒருவரும் வாங்கவில்லை.

வருகிறவர்களின் விரல் பக்கத்தில் எங்கெங்கே படுகிறது என்று காட்டுகிற மென்பொருள் ஒன்றைக் கோலப்பன் யாரோ சொல்லிக் கேட்டுப் போட்டு வைத்திருந்தார். திறந்து பார்க்க இருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. ஒரு மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு சுபிதா அதைத் திறந்தாள். பக்கம் மங்கலாகத் தெரிந்தது. விரல் பட்ட இடம் மட்டும் சிவப்பாக இருக்கும் என்று ஓரத்தில் குறிப்பு. அவளுடைய பட்டைகளில் ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை. நட்சத்திரத்தை எவரும் சீண்டவே இல்லை. மூலையில் கிடந்த தபால்தலைப் படம் மட்டும் கனலாகச் சிவந்திருந்தது. உற்றுப் பார்த்தால் படம் முழுக்கவும் இல்லை, உரலின் குழிவில்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வழி செய்து வைக்கவில்லை அவள். ஆனாலும் தொட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஆகாதபோது மறுபடியும் தொட்டிருக்கிறார்கள். சென்னையில், மதுரையில், சிங்கப்பூரில், எங்கெங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களின் விரல்கள் அந்தச் சின்னக் குழிவுக்குள் வந்து போயிருந்தன. இத்தனை வருடமாக அவள் ஆட்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கண்டது இதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, இஞ்ச வந்து பாருங்க. எல்லாரும் உரலைத் தொட்டுப் பாத்திருக்காவ!"

கோலப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார். "கடையில வச்சிருந்தாலும் கையை உள்ள விட்டுத்தான பிள்ளே பாப்பாவ" என்றார் மெதுவாக.

அன்றே அவள் பட்டைகளையும் நட்சத்திரத்தையும் அழித்தாள். உரலின் படம் பக்கத்தின் முழு அகலத்துக்கும் வந்தது. தொட்டால் கல்லின் சொரசொரப்பு தெரிகிற அளவுக்குப் பெரிதாகும். அளவு புரிவதற்காகக் குழிவில் ஒரு பிடி சின்ன வெங்காயம் போட்டு இன்னொரு படம். அதன் கீழே பெயர், விலை, எடை, கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் வாங்குகிற பொத்தான். மற்ற விவரமெல்லாம் அதற்கும் கீழே. எழுத்தைச் சுற்றிலும் யாருடைய மாமனும் இல்லாத வெறும் வெள்ளை. அந்த வெள்ளையை அப்படியே விட்டுவைக்க அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. அந்த வாரமே ஆர்டர்கள் வரத் தொடங்கின.

அடுத்த வருடம் சேலத்திலிருந்து ஒரு போன். பூங்கனி என்றார், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

"எனக்குக் கண் பார்வை இல்லீங்க. போன்தான் எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லும். உங்க பக்கம் நல்லா வரிசையா வருது. ஆனா படம் வர்ற எடத்துல மட்டும் டி.எஸ்.சி. சைபர் சைபர் நாப்பத்தி மூணுன்னு சொல்லுதுங்க. அதுல என்னதான் இருக்குது?"

கேமரா படத்துக்கு இட்ட எண் அது. சுபிதா பதறிப்போனாள். நல்லதையெல்லாம் படத்தில் வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தாளே, இந்த அம்மாவுக்குக் கிடைத்தது வெறும் எண். எழுந்துபோய் உரலைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவிச் சொன்னாள். வாய் வட்டமாக இருக்கிறது, விளிம்பு வழவழப்பு, குழிவின் உள்ளே கொஞ்சம் சொரசொரப்பு. "கறுப்புக் கல்லு…" என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தினாள்.

மறுமுனையில் சிரிப்பு. "கறுப்பையும் சொல்லுங்க. தெரிஞ்சு வச்சுக்க எனக்குப் பிடிக்கும்."

போனை வைத்ததும் சுபிதா தன் கைப்பேசியையும் அதேபோல வாசிக்கச் செய்து, கண்ணை மூடிக்கொண்டு தன் பக்கத்தைக் கேட்டாள். தானே அமைத்த பக்கத்தில் தானே வழி தவறினாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் சொல்லால் ஒரு விவரம் எழுதினாள். படம் போடுவதைவிட அது பெரிய வேலையாக இருந்தது. பூங்கனி யாருடைய உதவியும் இல்லாமல் உரலை வாங்கினார்.

உரல் போய்ச் சேர்ந்ததும் மறுபடி போன். "எழுதினபடியேதாங்க இருக்குது. ஆனா அடியில ஏதோ கோடு போட்டிருக்குதே, அதை எழுதலியே?"

சுபிதாவும் கோலப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடியில் கோடா?

உரலைக் கொத்தியவர் ஏசுஅடிமை. அவரிடமே போன் போட்டுக் கேட்டார்கள். "அது நாம போடுகதுதான். யாருக்க வேலைன்னு தெரியாண்டாமா?" என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

இருவரும் கீழே சரக்கறைக்குப் போனார்கள். அம்மிகளையும் உரல்களையும் விளக்குகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து அடியைத் தடவினார்கள். ஒன்றில் பிறை மாதிரி ஒரு கீறல், இன்னொன்றில் இரண்டு புள்ளி, ஒன்றில் சின்னச் சிலுவை. கூரியருக்குக் கட்டித் தங்கள் கையாலேயே அனுப்பிய கல்லெல்லாம் யாரோ ஒருவரின் அடையாளத்தோடுதான் போயிருக்கிறது.

"கர்த்தாவே!" என்றாள் சுபிதா.

கோலப்பன் கல்பொடி அப்பிய விரலோடு, அடுத்த விளக்கை மெல்லத் தன் பக்கம் சாய்த்தார்.