எந்த வரிக்கு வெளிச்சம்?

இரண்டு மணி அடித்ததும் ரெங்கசாமி மேற்கு ஜன்னலின் கயிற்றை இழுத்தார். திரையின் மரச்சட்டங்கள் சடசடவென்று சாய்ந்தன. கூரைப் பலகையில் ஏறிச் சிதறிய வெளிச்சம், தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஜெயராஜின் மேசைக்குப் பக்கத்தில் விழுந்தது.

“கிராணி ஐயா, எந்திரிங்க. மேசைய இழுக்கணும்.”

“ஏன்யா, வெளிச்சத்தை இந்தப் பக்கம் திருப்பேன்.”

“சூரியன் ஒங்களுக்காகத் திரும்புமா? நீங்கதான் திரும்பணும்.”

பிரிக்பீல்ட்ஸ் ரயில் சரக்கு அலுவலகத்துக்கு ரெங்கசாமி பங்கா இழுக்க, அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறியைக் கயிற்றால் ஆட்ட வந்தவர். மின்விசிறி வந்து பங்கா போனதும், கயிறு இழுக்கத் தெரிந்த ஆளாயிற்றே என்று ஜன்னல் திரைகளை ஒப்படைத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை சரிந்தது. பகலில் விளக்கு எரியக்கூடாது, விசிறி சுற்றக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. திரையைத் திறந்தால் உடம்பு வெந்தது. மூடினால் எழுத்துத் தெரியவில்லை.

ரெங்கசாமி வழி கண்டுபிடித்தார். சட்டங்களை மேல்நோக்கிச் சாய்த்தால் சூடு வெளியே நிற்கும். வெளிச்சம் மட்டும் கூரைக்கு ஏறி இறங்கும். இறங்கும் இடம்தான் நேரத்துக்கு நேரம் மாறும். எந்த நேரத்துக்கு எங்கே என்று தரையெல்லாம் சுண்ணாம்பு வட்டம் போட்டார். கிராணிமார் மேசைகளைத் தூக்கிக்கொண்டு நாள்முழுக்க அறையைச் சுற்றினார்கள். காலையில் மனுக் கொடுத்தவர் மத்தியானம் பதில் கேட்டு வந்தால், அந்த இடத்தில் தண்ணீர்ப் பானை இருக்கும். மழை நாளில் எல்லா மேசையும் ஒரே ஜன்னலடியில். ஒருவர் முழங்கை அடுத்தவர் மைக்கூட்டில்.

வீட்டிலும் ரெங்கசாமி சோற்றுத் தட்டை நகர்த்தி நகர்த்தி வெளிச்சம் பார்ப்பார். “சோத்தத் தின்னுய்யா, அதுல என்ன எழுதியா இருக்கு?” என்பாள் மனைவி மாரியாயி.

ஒரு வெள்ளிக்கிழமை மேலிடத்து வெள்ளைக்காரத் துரை பட்டியலோடு வந்தார். வேலையிலிருந்து நீக்கி ஊருக்குக் கப்பலேற்ற வேண்டியவர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் அவர் கையெழுத்திட வேண்டும். ஜன்னலடியில் உட்கார்ந்து, வெளிச்சம் கேட்டார்.

“எந்த வரிக்குத் தொரை?”

ஜெயராஜ் மொழிபெயர்த்தார். துரைக்குப் புரிந்தும் புரியவில்லை. ரெங்கசாமி ஒரே ஒரு சட்டத்தை விரலால் தூக்கினார். முதல் பெயர் மட்டும் பளிச்சென்றது. துரை படித்துக் கையெழுத்திட்டார். விரல் அசைந்தது, வெளிச்சம் அடுத்த வரிக்கு இறங்கியது. துரைக்கு இது பிடித்துப் போயிற்று.

நான்காவது வரியில் ஜெயராஜின் முகம் வெளுத்தது. பட்டியலை டைப் அடித்தவர் அவர். ரெங்கசாமிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அந்த முகத்தைப் படிக்கத் தெரியும். விரலை எடுத்தால் போதும், அந்த வரி இருண்டுவிடும், கையெழுத்திடாமலே துரை மூன்று மணி கிள்ளான் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

“கைய எடுய்யா” என்று ஜெயராஜ் பல்லுக்கிடையில் முனகினார்.

“வரி முடியலையே, ஐயா.”

துரை நிமிர்ந்தார். “யார் இந்த ரெங்கசாமி?”

“நாந்தான் தொரை. தலையக் கொஞ்சம் சாய்ங்க, நிழல் விழுது.”

ஜெயராஜ் நாக்குக் குழற மொழிபெயர்த்தார். துரை தலையைச் சாய்த்தார். காகிதத்தையும் பார்த்தார், சட்டத்தைத் தாங்கிய விரலையும் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைக் கோடிட்டு அடித்து, “இவன் இருக்கட்டும்” என்றார்.

ஜெயராஜுக்கு மூச்சு வந்தது. ரெங்கசாமி விரலை ஒரு நூல் அசைத்தார். வெளிச்சம் சற்றே நடுங்கி, ஐந்தாவது பெயரில் போய் நின்றது.