முதல் விருப்பம் யாருடையது?

செஞ்சி வட்டத்துப் பெற்றோரே! நம் பிள்ளைகளின் கல்லூரி விருப்பத்தை வேறொருவர் தீர்மானிக்கும் கொடுமையை இன்று காலை கண்டேன்.

பேருந்து நிலையத்தருகே ஒரு கணினி மையம். பள்ளியிலேயே முதலிடம் பெற்ற சிங்கவரத்து மாணவி, பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் பதிய வந்திருந்தாள். சென்னையின் பெரிய அரசுக் கல்லூரியை முதல் விருப்பமாகக் கேட்டாள்.

"அதெல்லாம் உனக்கு வராதும்மா. அத மேல போட்டா கீழ இருக்கறதும் பூடும். பக்கத்து காலேஜையே மொதல்ல போடுறேன்" என்றார் மையக்காரர்.

"பூடாது சார். ரூல்ல தெளிவா இருக்குது."

"இன்னா, எனக்கே ரூல் சொல்றியா?"

"அவரு தெனம் இதப் பாக்கறவரு, சும்மா இரும்மா" என்றார் உடன் வந்த தந்தை.

"நைனா, படிக்கப் போறது அவரா, நானா?"

அருகில் நின்றிருந்த நான் குறுக்கிட்டேன். அவள் சொன்னதே விதி. முதல் விருப்பம் கிட்டாவிடில் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆசைப்பட்டதற்குத் தண்டனை கிடையாது. விதியைத் திரையில் காட்டிய பிறகே பட்டியல் திருந்தியது.

"மற்றவர்களுக்கு எப்படிப் பதிந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்டித்தான் சார்" என்றார், பெருமையோடு!

இன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியல்கள் பூட்டப்படும்; பிறகு மாற்ற முடியாது. பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். இப்போதே பட்டியலைத் திறந்து, அவர்கள் விரும்பிய கல்லூரியை முதலிடத்துக்கு ஏற்றுங்கள்!