பத்து நிமிட டீ

எங்கள் பஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு டிரைவர் வழியில் டீ குடிக்க நிற்கிறார் என்பதற்காக, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நேர அட்டவணை புரோகிராமில் "தற்காலிகமாக" ஒரு வரி எழுதி, பத்து நிமிடம் சேர்த்தது அவர்தான். பின்னால் டிக்கெட், அறிவிப்பு, ஷிப்ட் என்று எழுத வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பத்து நிமிடத்தின் மேலேயே மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். நேற்று அக்கா அந்த ஒரு வரியை எடுத்தார், மூன்று புரோகிராம்களும் படுத்துவிட்டன. முணுமுணுத்துக்கொண்டே வரியைத் திரும்பப் போட்டுவிட்டு, நேரே அந்த டிரைவரிடம் போனார்.

"அண்ணே, உங்க டீ என் உயிரை வாங்குது!"

"டீயா? நான் டீயை விட்டு ஏழு வருஷமாச்சும்மா."

"அப்புறம் எதுக்கு அங்க நிக்கிறீங்க?"

டிரைவர் சிரித்தார். "கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷம் போட்டிருக்கே! ஏதாவது காரணம் இருக்கும்னு நிக்கிறேன்."