பொட்டு வைக்காத சூளை

ஒரு ஆயுத பூஜை அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றதும், சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது கண்ணாடி உருக்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன். வண்ணக் கண்ணாடியை வெட்டி அடுக்கி மின்சூளையில் வைத்தால் உருகி ஒரே பலகையாகிவிடும். உருக்குவது பெரிய காரியமில்லை, ஆறவைப்பதுதான். சூளை தானாக மெல்ல மெல்லச் சூட்டைக் குறைக்க வேண்டும்; அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். இதை என் வீட்டுக்காரரிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். காதில் விழுந்தால்தானே.

ஊருக்கு வந்து, விதைநெல் வைக்கும் அறையில் சூளையைப் போட்டேன். "ரிட்டயர்டு ஆனவ ஏதோ வெளாட்டு சாமான் வாங்கிப் போட்டிருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார். மூன்று ஆயுத பூஜை போனது. டிராக்டர், பம்புசெட், மருந்தடிக்கும் மெஷின், கொல்லையில் கிடந்த துருப்பிடித்த சைக்கிள் வரை சந்தனமும் குங்குமமும் வைத்தார். என் சூளைக்கு மட்டும் இல்லை. நானே வைத்திருக்கலாம். அவர்தான் வைக்க வேண்டும் என்று வீம்பாக இருந்தேன்.

நாலாவது வருஷம் முதல் ஆர்டர் வந்தது. அதுவரை சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்ததோடு சரி. திருவாரூரில் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி திறக்கும் டாக்டரம்மா, நட்ட சம்பா வயலும் வாய்க்காலுமாக முன்சுவருக்கு ஒரு பலகை கேட்டார். "உங்க பேரையும் கீழ போட்டுடுங்கம்மா" என்றார். அந்த வார்த்தைக்காகவே ஒரு மாதம் வரைந்தேன். ஆயுத பூஜை கழித்து மூன்றாம் நாள் திறப்பு விழா.

பூஜைக்கு முந்தின நாள் பலகையைச் சூளையில் ஏற்றினேன். பூஜையன்று காலையில் அது ஆறிக்கொண்டிருந்தபோது பொரியும் வாழைப்பழமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்து, மூடியைத் தூக்கி, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். உள்ளே என் வயல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"ஆயுத பூஜை அன்னைக்கு எதையும் ஓட்டக் கூடாதுல்ல? அதான் நிறுத்துனேன். கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, சீக்கிரம் ஆறட்டும்னு தெறந்து வச்சேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பொட்டு வைக்கிறப்ப இது ஆயுதமா தெரியல. நிறுத்துறப்ப மட்டும் தெரிஞ்சுச்சா?" என்றேன்.

வேறு ரகக் கண்ணாடியைக் கலந்தால் ஒத்துப்போகாது, வெடித்துவிடும். நல்லவேளை, மிச்சமிருந்தது இன்னொரு பலகைக்குக் காணும். சாப்பிடாமல் உட்கார்ந்து வெட்டினேன். அவசரத்தில் விரலில் கீறிக்கொண்டேன். மத்தியானம் அடுக்கி முடித்து மூடியை இறக்கும்போது சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"தப்புதான். இரு, பொட்டு வச்சிடுறேன். ஆனா இன்னைக்கு ஓட்டாத, சாமி குத்தம்."

"வைக்காதீங்க. வச்சா நிறுத்தணும்பீங்க. இது வெளாட்டு சாமான்தானே, ஓடட்டும்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பலகை முழுசாக வந்தது. கீழ் மூலையில் என் பேரைக் கீறினேன். பிறகு சந்தனம் குழைத்து நானே சூளைக்குப் பொட்டு வைத்தேன். அவர் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.