கீரை தின்ற தவளை

கொசுப் புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்த பெண், மயிலாப்பூரில் எங்கள் இரண்டாம் மாடி பால்கனிக்கு நேராகப் போய் நின்றாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் என் மனைவி வைத்த அல்லி இருந்தது.

"இன்னா சார், இவ்ளோ தண்ணி தேக்கி வெச்சிக்கினு கீறீங்க? கவுத்துடட்டா?"

"கவுத்துக்கோம்மா" என்றேன்.

என் மனைவி போய் மூன்று மாதம். அதுமுதல் யார் எதைக் கேட்டாலும் சரி என்பதே என் பதில். அழவில்லை. சாஸ்திரிகள் சொன்னதையெல்லாம் செய்தேன், துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நானே காபி போட்டுக் கொடுத்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள். "வூட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. திருத்தவில்லை. அவள் எழுதிக்கொண்டு தொட்டியைச் சாய்த்தாள். பச்சையாக ஒன்று எகிறி என் பாதத்தில் விழுந்தது.

இரண்டு வருடம் முன்பு, மாட வீதியில் பூ விற்கும் அம்மாள் பெருங்குடிப் பக்கத்துக் குட்டையிலிருந்து அல்லிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். சேற்றுத் தண்ணீரில் வாலாட்டிக்கொண்டு நாலைந்து கறுப்பாகக் கூடவே வந்தன. "ஏன்னா, மீன் குஞ்சு!" என்றாள் என் மனைவி. நானும் ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் யார் மீனைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறோம்? மச்சாவதாரப் படத்தோடு சரி. தினமும் நாலு பருக்கை சாதம் போட்டாள். ஒரு நாள் மீனுக்குக் கால் முளைத்தது.

மற்றவற்றைக் காக்கை கொத்திக்கொண்டு போக, ஒன்று மட்டும் தங்கி உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தது. பச்சை முதுகில் வெளிறிய கோடு. பகலெல்லாம் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய மிதக்கும். பூச்சி பிடிக்கும், அல்லி இலையையும் கடிக்கும். இவள் கீரையை நறுக்கித் தூவினாள். அதையும் தின்றது. "பாத்தேளா, நம்மாத்துத் தவளை!" என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை பெய்தால் கத்தும். பதில் வராது. "பாவம்னா, ஒண்டியா கத்தறது. ஒரு நாள் அதோட மனுஷாகிட்ட கொண்டுபோய் விட்டுட்டு வரலாம்."

"ஆமா, ஜாதகம் பாத்து வரனும் தேடிடுவோம்" என்று எரிந்து விழுவேன். பேப்பர் படிக்கும்போது தவளைப் பேச்சு எனக்கு ஆகாது. இரண்டு வருடமும் அதையே சொன்னேன், கடங்காரன்.

"சார், தூக்கி வெளிய போட்ரட்டா?" என்று அந்தப் பெண் குனிந்தாள்.

"தொடாதே!"

மூன்று மாதத்தில் அன்றுதான் என் குரல் உயர்ந்தது. தவளையைத் தூக்குச் சட்டியில் தண்ணீரோடு போட்டு மூடி, பறக்கும் ரயில் ஏறிப் பெருங்குடியில் இறங்கினேன். ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் கோரை மண்டிய சதுப்பு. ஒரே குப்பை நாற்றம். கரையில் உட்கார்ந்து சட்டியைத் தண்ணீரில் சாய்த்தேன்.

அது நகரவில்லை. கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டு மிதந்தது. கோரைக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தியது, பிறகு இன்னொன்று. எங்கள் தவளை சட்டென்று எம்பி, முங்காமல், தண்ணீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடியது. ஓட்டாஞ்சில்லு எறிந்தால் போகுமே, அப்படி. அதற்கு ஓடத் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது. இரண்டடித் தொட்டியில் எங்கே ஓடும்?

"ஏய், பாரு பாரு!" என்று பக்கத்தில் திரும்பினேன். காலிச் சட்டிதான் இருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

மறு வாரம் அந்தப் பெண் வந்தாள். வாசலிலேயே நின்று நோட்டைப் புரட்டினாள். "ரெண்டு பேருதான சார்?"

"இல்லம்மா" என்றேன். "நான் ஒருத்தன்தான்."

"போன வாரம் ரெண்டுன்னீங்களே..." என்று நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். என் வாய் கோணிக்கொண்டது. கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"அழுதுடு நைனா" என்றாள்.

அழுதேன்.