ராணி தின்ற புல்

அப்துல் அலீம் பாய்க்கு வாய் சும்மா இருக்காது. மதுரை யானைக்கல்லில் அவருடைய ஜட்கா வண்டியில் ஏறினால், ஆள் இறங்குவதற்குள் தன் மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு தடவை மூன்று வாரம் பேசாமல் வண்டி ஓட்டினார். நான் எதிர்வீட்டுக்காரன், கண்ணால் கண்டவன்.

தினமும் காலையில் அவர் ஏற்றிப்போவது பாக்கியம் டீச்சரை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். தாய் தகப்பன் போன பிறகு, கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் தம்பி ஜேசுராஜை வளர்த்து ஆளாக்கினார். அவன் பட்டாளத்தில் சேர்ந்து வடமேற்கே குவெட்டாவில் இருந்தான். நாற்பதாம் வருஷம் லீவில் வந்தபோது ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கொத்துப் புல் கொண்டுவந்தான். அங்கே காய்ந்த மலைகளில் தானாக வளர்வதாம். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டான். வெள்ளை வெளேரென்று குதிரை வால் மாதிரி பூத்தது. அழகுக்காக எவனாவது புல் வளர்ப்பானா என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

"எந்தக் கோடையிலயும் இது பட்டுப்போகாதுக்கா. வருஷா வருஷம் அதே வேர்ல இருந்து வரும். நானும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஜேசுராஜ் சண்டைக்குக் கப்பல் ஏறினான்.

பிறகு கடிதமே வரவில்லை. டீச்சர் சகுனம் பார்க்கிறவர் இல்லை, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் வண்டி ஏறுமுன் அந்தப் புல்லை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பார். அது பச்சையாக இருந்தால் தம்பியும் நன்றாக இருக்கிறான் என்பது அவர் மனக்கணக்கு.

ஒரு பங்குனிக் காலையில் டீச்சர் வெளியே வர நேரமாகிவிட்டது. அலீம் பாய் என்னோடு வம்பளந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அவருடைய குதிரை ராணி, பூவும் தாளுமாகப் புல்லை அடிக்கட்டை வரை மேய்ந்துவிட்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"அடி பாவி மகளே!" என்று பாய் தலையில் கை வைத்தார்.

டீச்சர் வந்தார், பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடப் பாய் தாங்கியிருப்பார். அன்றைக்கு அடைத்த வாய்தான்.

மறுநாளிலிருந்து, டீச்சரைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, ராணிக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரில் பாதியை அந்தக் கட்டையில் ஊற்றுவார். "தின்ன குத்தத்துக்கு ஒனக்கு இம்புட்டுப் போதும்" என்று குதிரையிடம் மட்டும் சொல்வார். சாயங்காலம் டீச்சர் வந்து அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவார். இரண்டையும் பார்த்த ஒரே ஆள் நான். தெருக்குழாயில் ஒரு குடத்துக்கு அடிபிடி நடக்கிற கோடை அது. ஒன்றின் மேல் பிரியம் வைத்தால் எங்கள் ஊரில் வேறு என்ன செய்வார்கள்? தண்ணீர்தான் ஊற்றுவார்கள். மனசு கேட்காமல் நானும் நடுவில் ஒரு செம்பு ஊற்றிவந்தேன்.

மூன்றாம் வாரம் டீச்சர் தொட்டதும் கட்டை கையோடு வந்துவிட்டது. வேர் அழுகி நாறியது.

அடுத்த நாலாம் நாள் ஜேசுராஜின் கடிதம் வந்தது. எழுதி நாலு மாதமாகியிருந்தது. கடைசி வரி இதுதான்: 'அக்கா, புல்லுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, அழுகிவிடும்.'

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். பாய் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் தெனம் அரை வாளி ஊத்துனேன் டீச்சரம்மா."

"நானும் ஊத்துனேன் பாய்."

என் செம்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அதற்கப்புறம் வந்தது சர்க்கார் தந்தி. சண்டையில் ஜேசுராஜைக் காணவில்லையாம். டீச்சர் கேட் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். பாய்க்குப் பேச்சு திரும்பியும், டீச்சர் வண்டியில் இருந்தால் மட்டும் மெதுவாகத்தான் பேசினார்.

மறு வருஷம் மாசியில் ஒரு சாயங்காலம், பாய் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்து, டீச்சரோடு வண்டியை முனிச்சாலைக்குத் திருப்பினார்.

"எங்க பாய் போறீங்க?"

"செத்த பேசாம வாங்க டீச்சரம்மா."

அவருடைய லாயத்துக்குப் பின்னால் இடிந்த சுவரின் செங்கல் குவியல். ராணியின் லத்தியை வாரிக் கொட்டுகிற இடம். அங்கே காய்கிற வெயிலில், செங்கல் இடுக்குகளில், ஏழெட்டுக் கொத்து வெள்ளை வால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"எல்லாம் ராணி தின்ன விதைதான். அல்லா மேல சத்தியமா, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலம்மா" என்றார் பாய்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையோடு டீச்சர் அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கொத்தையும் தொட்டுப் பார்த்தார். நான் பெயர்த்துக்கொண்டுவரக் கம்பி தேடினேன்.

"வேண்டாம். இங்கயே இருக்கட்டும். நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம கை சும்மா இருக்காது" என்றார் டீச்சர். 'நம்ம' என்றபோது என்னைத்தான் பார்த்தார்.

அதன்பின் வாரத்தில் ஒரு நாள் வண்டி முனிச்சாலை வழியாகத்தான் வீடு திரும்பும். அதற்குப் பாய் கூலி வாங்கியதில்லை. நல்ல மனுஷர். அவருக்கு வாய் நீளம் என்று ஏசிய நாக்கை நான் கடித்துக்கொள்ள வேண்டும்.

நாற்பத்தாறில் ஜேசுராஜ் வந்தான். எதிரியிடம் சிறைப்பட்டு, எலும்பும் தோலுமாக. மதுரை ஸ்டேஷனில் அக்காவின் கையைப் பிடித்து வண்டியேறியவன் முதலில் கேட்டது, "அக்கா, புல்லு இருக்கா?"

டீச்சர் பாயைப் பார்த்தார். பாய்தான் சாட்டைக் கம்பால் ராணியைக் காட்டினார்.

"இருக்கு தம்பி. அதைத் தின்னவதான் ஒங்களை இழுத்துட்டுப் போறா."

வண்டி முனிச்சாலைப் பக்கம் திரும்பியது.