நியாயமான ஆள்

"ஏன் சத்தம் போடவில்லை?" கண்டி நீதிமன்றத்தில் என் அக்காவிடம் திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்டார்கள். ஹேவாஹெட்ட மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைப் பின்னால் வந்து கட்டிப்பிடித்தவர் அவளிடம் வேலை வாங்கும் கங்காணி. செடியின் மட்டம் பார்க்கும் கம்பு அவள் கையில் இருந்தது. ஓங்கி ஒன்று வைத்தாள். அவருக்கு மூக்கெலும்பு உடைந்தது, குற்றவாளிக் கூண்டில் அவள் நின்றாள்.

வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி, கங்காணி கை போட்டதைக்கூடப் பெரிதாக மறுக்கவில்லை. அடுத்த நிரையில் ஆட்கள் இருந்தார்களே, நியாயமான ஒரு ஆள் முதலில் சத்தம் போட்டிருப்பார், எடுத்த எடுப்பில் அடித்திருக்க மாட்டார் என்பதுதான் அவருடைய வாதம். யார் அந்த நியாயமான ஆள்? சட்டம் பேசுகிறவர்களின் வாயில் அடிக்கடி வருகிறார். முதுகில் கூடையோடு ஒரு நாளாவது மலையேறியவராகத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அவளை உள்ளே தள்ளிவிட்டால் அதுகள் கதி என்ன என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுக்காக வாதாடியவர் கண்டி டவுனில் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண் சட்டத்தரணி. கங்காணி சாட்சி சொல்ல ஏறியதும், சட்டத்தரணி அவருடைய நிர்வாகத்தை மெச்சுவதுபோல ஆரம்பித்தார்.

"உங்கட மலையில பொம்பளைங்க வேல நேரத்தில கதைப்பாங்களா?"

"என் மலையிலயா? மூச்சு விட மாட்டாளுங்க. வாயத் தொறந்தா அரப்பேருதான்."

அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சத்தம் போட்டா?"

"அதுக்கும் அரப்பேருதாங்க. நான் வச்ச ஒழுங்கு அது."

மனுஷன் தன் வாயாலேயே கெட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று பழக்கி வைத்த ஒருத்தியிடம், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம் என்று நீதவானிடம் கேட்டுவிட்டுச் சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு நாளில் நீதவானும் அதை ஏற்றுக்கொண்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அடித்திருக்கிறாள், விடுதலை என்றார். வாசலுக்கு வந்து அழுதேன், மூக்கைச் சிந்தினேன், பிறகு காரணமில்லாமல் சிரித்தேன். அப்பாடா என்று இருந்தது. அன்றைக்குக் கண்டியின் வாகன நெரிசல்கூட எனக்கு அழகாகத் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ரோல்ஸும் பிளேன்டியும் வாங்கினோம். அக்கா வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அவளுக்குப் புத்தி சொல்லத் தோன்றிவிட்டது.

"இனிமே இப்புடி ஏதும்னா மொதல்ல சத்தம் போடுக்கா."

அவள் பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்தாள். கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்:

"மலையில சத்தம் கேட்டா என்னான்னு பாக்க வர்றது யாரு தங்கச்சி? கங்காணிதானே."